பத்தடிக்குத் திருப்பி வைத்த லென்ஸ்

எங்கள் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி நிற்கிறது. முதன்முறை வருகிறவர்கள் சின்னக் குளிர்பதனப் பெட்டி என்று நினைத்துத் திறக்கப் பார்ப்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் மின்பெட்டி அது. ஒருகாலத்தில் அதற்குள் பதினொரு பழைய அகலக்கோண லென்ஸ்கள் இருந்தன. இப்போது இருப்பவை மூன்று. நான் திருந்திவிட்டதாக என் மனைவி ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். திருந்தவெல்லாம் இல்லை. மற்ற எட்டையும் எடுத்துக்கொண்டு நான் வெளியே போவதே இல்லை என்பது ஒருநாள் உறைத்தது, அவ்வளவுதான்.

மிஞ்சியவை இவை: கேனன் 28 மி.மீ. எஃப்/3.5, சோவியத் ஒன்றியத்தின் ஜூபிட்டர்-12 என்ற 35 மி.மீ. எஃப்/2.8, லைக்கா கேமராக்களைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் சுமரோன் 35 மி.மீ. எஃப்/3.5. மூன்றும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கானவை. மூன்றிலும் 39 மி.மீ. மரை. பெயரோடு வரும் மி.மீ. குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் கோணம் அகலும், எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும். இவற்றைவிடக் கூர்மையான லென்ஸ்களை விற்றிருக்கிறேன், வருத்தம் இல்லை. விற்றவற்றின் எண்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வைத்துக்கொண்ட மூன்றின் தூரங்கள் என் விரலுக்குத் தெரியும்.

லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். அதனால் அகலக்கோண லென்ஸின் பின்முனை தள்ளியே நிற்க வேண்டியிருக்கிறது. அதைச் சரிக்கட்ட முன்னால் பெரிய குழிவில்லைகளைச் சேர்க்கிறார்கள், லென்ஸ் பருத்துவிடுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த ஆடும் கண்ணாடியே கிடையாது. பார்ப்பது தனிச் சாளரத்தின் வழியாக. தூரம் அளப்பது இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி. ஆகவே லென்ஸ் ஃபிலிமை உரசுகிற அளவுக்கு உள்ளே போகலாம். ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி வில்லைகளை அடுக்கலாம். இந்தச் சமச்சீர் அமைப்பில் தூண் தூணாகவே விழும், படத்தின் விளிம்பில் நின்றாலும் வயிறு தள்ளாது. நான் இந்தப் பழைய சாமான்களின் பின்னால் போனதே இதற்காகத்தான். இதற்குக் கூலியும் உண்டு: மூலைகள் இருளும். கணக்குப்படி பார்த்தால், சமச்சீரான 28 மி.மீ. லென்ஸில் மூலைக்கு வந்து சேரும் ஒளி, நடுவில் விழுவதில் ஐந்தில் இரண்டு பங்கு, 21 மி.மீ. என்றால் கால் பங்கு. அப்பெர்ச்சரை எவ்வளவு மூடினாலும் இந்த இருட்டு முழுதாகப் போகாது. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது பணத்துக்கு நல்லது.

முதலில் வந்தது ஜூபிட்டர்-12. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் என்று இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. பழைய கேமரா தேடுகிறவர்கள் சம்பள நாளில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது கடினம். அங்கே ஒரு மாடிக் கடையில் ஸோர்க்கி-4 கேமராவோடு சேர்த்து வைத்திருந்தார்கள். கடைக்கார அங்கிள் லென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணச் சின்ன லென்ஸ். பின்பக்கம் திருப்பினேன், கோலிக்குண்டைவிடப் பெரிய கண்ணாடி உருண்டை ஒன்று, எந்தக் காப்பும் இல்லாமல் பிதுங்கிக்கொண்டு நின்றது. மேசையில் வைக்கப் போனேன். "வைக்காதே தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இங்குள்ள வயதான சீனர் சிலருக்கு எங்களைப் பார்த்தால் 'தம்பி' தானாக வாயில் வரும். அந்த லென்ஸுக்கென்று செய்த ஆழமான பின்மூடி இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்பது அன்று படித்த முதல் பாடம். மூடியோடு சேர்த்து விலை பேசினேன்.

அந்த உருண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. 1930-களின் நடுவில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெல், கான்டாக்ஸ் கேமராவுக்காக பயோகான் 35 மி.மீ. லென்ஸை வடிவமைத்தார். போர் முடிந்ததும் இழப்பீடாக ஸைஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. பயோகான் அங்கே போய் ஜூபிட்டர்-12 ஆயிற்று. கிராஸ்னகோர்ஸ்க், கீவ், லித்கரினோ ஆகிய ஊர்களின் ஆலைகளில் பல பத்தாண்டுகள் செய்தார்கள். தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும். என்னுடையது 62-இல் தொடங்குகிறது. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது. அப்பெர்ச்சர் வளையம் முன்வாயின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும். மாற்றப் போனால் விரல்ரேகை கண்ணாடியில் விழும். இதை வடிவமைத்தவர்கள் தெருவில் நின்று படம் எடுத்திருப்பார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

விலை பேசி முடித்தபிறகு அந்த அங்கிள் செய்த காரியம்தான் எனக்குப் பெரிய வரவு. மேசை விளக்கை அணைத்தார். பேனா அளவிலான டார்ச் ஒன்றை லென்ஸின் பின்னாலிருந்து அடித்து, முன்னாலிருந்து நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். பகலில் பளிங்கு போலிருந்த கண்ணாடிக்குள் ஒரு புழுதிக்காடே தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். தூசி; விட்டுவிடு. அதோ அந்தச் சின்னக் குமிழி, கண்ணாடி வார்க்கும்போதே விழுந்தது, அதையும் விட்டுவிடு. மேலே முடி போன்ற கீறல்கள், யாரோ சட்டை நுனியால் துடைத்தது. முன்பக்கம் என்றால் வெயில் நேரே அடிக்கும்போது மட்டும் தொல்லை, பின்பக்கம் என்றால் வாங்காதே. பிறகு வேறொரு லென்ஸை எடுத்துக் காட்டினார். விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிலந்திவலை போல இழைகள் ஓடின. பூஞ்சை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றில் இழையும் இல்லை, கீறலும் இல்லை. பால் கலந்த தண்ணீர் போல ஒரு மங்கல் மட்டும். "இதுதான் ஆளை ஏமாற்றும்" என்றார்.

அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு சுமரோனை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையத்தில் வாங்கினேன். படங்களில் குரோம் உடம்பு மின்னியது. 'கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை, கீறல் இல்லை' என்று எழுதியிருந்தது. மூன்றும் உண்மை. மங்கல் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஃபிலிம் சுருளைக் கழுவி வாங்கியபோது, மழை நாளில் பேருந்துக் கண்ணாடி வழியே பார்த்தது போல எல்லாப் படமும் சாம்பல். டார்ச் அடித்துப் பார்த்தேன்: அப்பெர்ச்சருக்குப் பக்கத்து வில்லை முழுவதும் வெண்படலம். இந்தச் சுமரோன் வகைக்கு அது பேர்போன நோய் என்று பிறகு தெரிந்தது. பழைய கிரீஸின் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதுதான் மூலம். திருப்பி அனுப்பும் செலவு ரீஃபண்டைத் தின்றுவிடும் என்பதால் பெனின்சுலா அங்கிளிடமே கொண்டுபோனேன். அவர் அறிந்த ஒரு பழுதுபார்ப்பவர் திறந்து துடைத்துக் கொடுத்தார். 80 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆயிற்று. என் அதிர்ஷ்டம், படலம் கண்ணாடியை அரித்திருக்கவில்லை. அதே காலத்துக் கேனன் லென்ஸ்கள் சிலவற்றில் அப்பெர்ச்சருக்குப் பின்னுள்ள வில்லையில் படியும் எண்ணெய் கண்ணாடியையே தின்றுவிடும். அதற்கப்புறம் துடைத்தாலும் போகாது. இப்போது எவரிடம் வாங்கினாலும் ஒரே ஒரு படம் கேட்கிறேன்: இருட்டில், பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்வாக எடுத்த படம். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் எஸ்எல்ஆர் காரர்கள் அலறுவார்கள். அவர்களுடைய இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் விருட்டென மூடித் திறக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் திருப்பி வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். எண்ணெய் அங்கே இயக்கத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அந்த எண்ணெய்தான் நாளைய படலம். விலையைக் குறைக்க அது நல்ல காரணம்.

சுமரோன் நன்றாக வந்ததைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது; வரக்கூடாத தைரியம். ஜூபிட்டரின் ஃபோகஸ் வளையம் இறுகிப்போயிருந்தது. கிரீஸ்தானே, நாமே மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பழைய தமிழ் முரசை விரித்து உட்கார்ந்தேன். மூன்று சிறு திருகுகளைக் கழற்றியதும் வளையம் சுற்றிக்கொண்டே வந்தது. சட்டென்று இரண்டாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது. பெட்ரோலில் கழுவி, புதிய கிரீஸ் தடவி, திரும்ப நுழைத்தேன். வெண்ணெய் போல் சுற்றியது. பெருமையாக இருந்தது. கேமராவில் மாட்டி எதிர் புளோக்கைப் பார்த்தபோதுதான் கோளாறு புரிந்தது: வளையம் முடிவிலிக்கு, அதாவது கடைசித் தூரத்துக்கு, போய் நின்றபிறகும் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பங்கள் சேரவில்லை. அந்த மரைக்கு ஒரே ஒரு தொடக்கம் இல்லை, சுற்றிலும் பல தொடக்கங்கள். எதில் நுழைத்தாலும் அழகாகச் சுற்றும். ஒன்றே ஒன்றில்தான் தூரம் சரியாக வரும். பிரிகிற இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தால் போதும். கீறவில்லை. அன்று இரவு பதினொரு மணி வரை ஒவ்வொரு தொடக்கமாக நுழைத்து நுழைத்துப் பார்த்தேன். மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

அப்போது கற்ற சோதனை இன்றும் கைகொடுக்கிறது. ஸோர்க்கி-4, கேனன் பி போல முதுகு திறக்கும் கேமரா என்றால், ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் மங்கலான ஒட்டுநாடாவை விறைப்பாக ஒட்டுங்கள். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, லென்ஸை முடிவிலியில் வைத்து, தொலைதூரக் கட்டடத்தைப் பாருங்கள். பிம்பம் நாடாவில் தலைகீழாக விழும். உருப்பெருக்கியால் பார்த்தால் சன்னல் கம்பிகள் கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு அதே கட்டடத்தை ரேஞ்ச்ஃபைண்டரில் பாருங்கள். அங்கும் பிம்பங்கள் பொருந்த வேண்டும். இரண்டும் சரி என்றால் லென்ஸும் கேமராவும் சம்மதித்துவிட்டன. முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் பெரும்பாலும் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைத்தான் சரிசெய்ய வேண்டும். வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். 1930-இல் லைக்கா முதன்முதலாக மாற்றத்தகுந்த லென்ஸ்களை விற்றபோது ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்தக் கேமராவுக்கென்று ஆலையில் கையால் பொருத்தித்தான் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுதான் மரைவாயிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. என்று அளவை நிலைநிறுத்தி, அதற்கு அடையாளமாகச் சுழியம் ஒன்றைப் பொறித்தார்கள். அந்தச் சுழியத்தால்தான் ஜெர்மன் லென்ஸை ஜப்பான் கேமராவில் மாட்டி நான் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நிற்க முடிகிறது.

கேனன் 28 வந்தபிறகு கதை மாறியது. இந்த லென்ஸ் 1951-இல் அறிமுகமானது. உள்ளங்கையில் வைத்தால் பெரிய நாணயங்களை அடுக்கியது போல இருக்கும். அவ்வளவு சிறிது, ஆனால் கனம். அதை மாட்டும் என் கேனன் பி 1959-இல் வந்த வகை. அதன் சாளரத்தில், படம் எதுவரை விழும் என்று காட்ட, 35, 50, 100 மி.மீ.க்குக் கோடுகள் உண்டு, 28-க்குக் கிடையாது. 35-க்கான கோடே சாளரத்தின் கடைசி விளிம்பில் ஒட்டியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்ட எனக்கு இடப்பக்கக் கோட்டைப் பார்த்தால் வலப்பக்கம் தெரியாது. ஆகவே 28-க்குக் கேமராவின் தலையில் செருகும் தனி வியூஃபைண்டர் வேண்டும். அசல் கேனன் ஃபைண்டரின் விலையைக் கேட்டேன். லென்ஸின் விலையைத் தாண்டி நின்றது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அகலக்கோண லென்ஸுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஃபைண்டருக்கும் அன்றே ஒதுக்க வேண்டும். நான் பல நாள் சோவியத் சுழல் ஃபைண்டரை வைத்து ஓட்டினேன். ஐந்து சின்னக் கண்ணாடிகள் கொண்ட கோபுரம் அது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஃபைண்டர் கிடைத்தது. அதுதான் இன்றும்.

தனி ஃபைண்டர் வந்தால் இரண்டு சாளரம். ஒன்றில் ஃபோகஸ், இன்னொன்றில் சட்டகம். கண்ணை மாற்றுவதற்குள் ஆள் போய்விடுவார். வழி ஒன்றுதான்: ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். என் கேனனில் தூரம் அடிக்கணக்கில் மட்டும் பொறித்திருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு வாரம் போனதும் அடிதான் என் உடம்பின் அளவு என்று தெரிந்தது. என் முழம் ஒன்றரை அடி. கையை முழுதாக நீட்டினால் விரல்நுனி இரண்டரை அடி. என் ஒரு எட்டும் அதே இரண்டரை. எதிரில் இருப்பவரும் நானும் கை நீட்டினால் விரல்கள் தொடும் என்றால் ஐந்தடி. இரண்டு எட்டு வைத்தால் அந்த இடம். எங்கள் சமையலறையின் நீளம் சரியாகப் பத்தடி. பல நாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தெருவில் போகும்போது 'அந்தக் கம்பம் பன்னிரண்டு' என்று மனத்துக்குள் சொல்வேன்; பிறகு ரேஞ்ச்ஃபைண்டரில் அளந்து பார்ப்பேன். ஒரு மாதத்தில் பதினைந்தடிக்குள் அரையடிதான் தவறியது.

28 மி.மீ. இதற்குத் தாராளமான லென்ஸ். எஃப்/8-இல் பத்தடிக்கு வைத்தால், ஏறக்குறைய ஐந்தேகால் அடியிலிருந்து நூறடிக்கு அப்பால் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். எஃப்/5.6-இல் ஆறடிக்கு வைத்தால் நாலேகால் அடி முதல் பத்தடி வரை. இந்த இரண்டு நிலைகளுக்கும் ஃபோகஸ் வளையத்தில் மனைவியின் நகப்பூச்சால் இரண்டு அடையாளம் வைத்தேன். ஆறடிக்கு ஒரு சொட்டு, பத்தடிக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. காய்ந்தபின் மேடாக நிற்கும், பார்க்காமலே விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். ஒரு பழைய லென்ஸில் இப்படிச் செய்ததைக் கேட்டுச் சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. லென்ஸிலேயே பொறித்திருக்கும் கூர்மை எல்லைக் கோடுகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அவை சின்ன அச்சுகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. பெரிதாக்கிப் பார்க்கிற நமக்கு, எஃப்/8-இல் படம் எடுத்தால் எஃப்/5.6-க்கான கோட்டைப் பார்ப்பதுதான் சரி.

இந்த மெத்தனத்தோடு அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் போனேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் நாள். கூட்டத்தில் பின்வாங்க இடமே இருக்காது. அகலக்கோணத்துக்கென்றே அமைந்தது போன்ற நெருக்கம். மூன்று சுருள் எடுத்தேன். தூரக்கணக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. முகங்கள் வேர்வைத் துளியோடு விழுந்திருந்தன. ஆனால் பாதிக் காவடிகளுக்கு உச்சி இல்லை. மயிற்பீலி, வேல், எல்லாம் மொட்டை. காரணம் எளிது. தனி ஃபைண்டர் லென்ஸுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் இருப்பதற்கு அது ஒரு பொருட்டில்லை. நாலடியில் நிற்பவருக்கு, நான் பார்க்கும் சட்டகம் லென்ஸ் பார்ப்பதைவிட ஒரு சாண் குறையாமல் மேலே இருப்பது போன்ற விளைவு. அளந்து பார்த்தால் சாண் இல்லை, நாலு விரல்தான். உச்சி போக அது போதும். அதன்பிறகு ஐந்தடிக்குள் என்றால் கேமராவை ஒரு சிட்டிகை மேலே நிமிர்த்துகிறேன். அளவுக்கு மேல் நிமிர்த்தினால் பின்னாலுள்ள கட்டடங்கள் கூம்பும். அது வேறு வம்பு. விளிம்பில் ஆளை நிறுத்தாதீர்கள் என்பதையும் அந்தச் சுருள்கள்தான் சொல்லிக்கொடுத்தன. நடுவில் ஒல்லியாக இருந்த பையன் அடுத்த படத்தின் ஓரத்தில் பூசணிக்காய் தலையோடு நின்றான்.

இந்த லென்ஸ்கள் எனக்கு நன்றாக வேலை செய்வது அஞ்சடியில். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி அகல நடைவழியை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் தூண்கள், அதற்கப்பால் நடுப்பகல் வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் சூரியன் தலைக்குமேல் வந்து நின்றுவிடும். வெளியே எடுத்தால் கண்குழி எல்லாம் கறுப்பு. அஞ்சடிக்குள் ஒளி தெருவிலிருந்து தெறித்துப் பக்கவாட்டில் வரும், மெதுவாக. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் வெளியே வெயிலில் எஃப்/16, ஐந்நூறில் ஒரு நொடி. உள்ளே நான் பெரும்பாலும் எஃப்/5.6, நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி. ஒளியளவி எடுத்துப் போவதில்லை. இந்த இரண்டையும் மறக்காமல் இருந்தால் நடுவிலுள்ளவை கைக்கு வந்துவிடும்.

விற்றவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓரியன்-15, சோவியத் 28 மி.மீ.; நிலவரைபடத்துக்காக வானிலிருந்து படமெடுக்க ராபர்ட் ரிக்டர் ஸைஸில் வடிவமைத்த டோப்போகான் வகையைச் சேர்ந்தது. வெங்காயத் தோல் போல வளைந்த நாலே வில்லைகள். கோட்டுத் துல்லியத்தில் என் கேனன் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் எஃப்/6-க்கு மேல் திறக்காது. ஐந்து மணிக்குமேல் அஞ்சடியில் அது குருடு. மற்றது லைட்ஸ் எல்மார் 35 மி.மீ., 1930-இன் முதல் அகலக்கோணத்தின் வாரிசு. பழைய ஐரோப்பிய எண்கள்: 4.5, 6.3, 9, 12.5, 18. முன்முகத்தில் குண்டூசித் தலை அளவு பிடியை நகத்தால் நகர்த்த வேண்டும். காட்சிக்கு அதைப்போல் அழகு இல்லை. மூன்றாண்டில் ஆறு படம் எடுத்தேன். அதன் புதிய சொந்தக்காரர் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார். அதற்கு அதுதான் சரியான இடம்.

டிஜிட்டலில் போட எண்ணுகிறவர்களுக்கு: பின்முனை உள்ளே நீளும் சமச்சீர் லென்ஸ்களின் ஒளி, ஓரங்களில் மிகச் சாய்வாக விழுகிறது. ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது. சென்சார் பொருட்படுத்தும், ஓரங்கள் ஊதா பூசிக்கொள்ளும், சென்சாரின் முன்னுள்ள கண்ணாடி தடிமனாக இருந்தால் மூலைகள் குழையும். நான் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறேன், ஊதா போய்விடும், குழைவு போகாது. மரை இல்லாமல் திருப்பிப் பூட்டும் வாய் கொண்ட லைக்கா எம் வகைக்கு 1 மி.மீ. தடிமனில் அடாப்டர் வளையம் கிடைக்கிறது. 28-க்கும் 35-க்கும் 50-க்கும் தனித்தனி, சாளரத்தில் சரியான கோடு வர அது வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லைக்கா எம்5, சிஎல் இரண்டிலும் ஒளியளவி ஒரு சிறு கையாக லென்ஸின் பின்னால் தொங்கும். ஜூபிட்டரை அங்கே திருகினால் இரண்டுக்கும் சேதம். லைக்கா எம்6-இல் நண்பரின் 21 மி.மீ. சூப்பர் அங்குலோனை இரவல் வாங்கி மாட்டினேன். எதுவும் உடையவில்லை, ஆனால் பின்முனை ஒளியளவியை மறைத்துவிட்டது, அம்புகள் வாய்க்கு வந்ததைக் காட்டின. ஸோர்க்கி போன்ற துணித்திரைக் கேமராக்களில் அகலக்கோணத்தை முடிவிலியில் வைத்து வெயிலைப் பார்க்கும்படி மேசையில் விட்டால் துணியில் ஓட்டை விழும். கேனன் பி-யின் திரை எஃகு. அதுவே நான் அதை எடுத்துச் செல்ல ஒரு காரணம்.

பெட்டிக்குத் திரும்புகிறேன். இந்த ஊரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பூஞ்சைக்கு 60-ஐத் தாண்டினாலே கொண்டாட்டம். நான் 45-இல் வைக்கிறேன். மிகவும் உலரவிட்டால் கிரீஸ் இறுகும் என்பதால் 40-க்குக் கீழே இறக்குவதில்லை. மின்பெட்டி வாங்க வசதியில்லை என்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி மூன்றும் போதும். சென்னையிலிருக்கும் என் தங்கை மகன் அப்படித்தான் வைத்திருக்கிறான். தோலுறையில் மட்டும் வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அது விருந்து. பூஞ்சை பிடித்த லென்ஸைத் தனியே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் போய் வெளிச்சம் காட்டுங்கள். என் எட்டு லென்ஸ்களில் இரண்டில் பூஞ்சை வந்தது. இரண்டும் நான் தொடாதவை, அதுவும் மின்பெட்டி வாங்குவதற்கு முன்னால்.

போன வாரம் கேம்பல் லேன் பூக்கடையில் நின்றேன். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அங்கே மாலை கட்டுகிறார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு வாளி, ஒரு சின்ன மேசை. கேமரா மார்போடு தொங்கியது. விரல் வளையத்தைத் தடவி ஒற்றைச் சொட்டில் நின்றது. மல்லிகைச் சரத்தை முழங்கையில் வைத்து இழுத்து, "இரண்டு முழமா, மூன்றா?" என்று வாடிக்கையாளரைக் கேட்டபடி நிமிர்ந்தார். நான் அழுத்தினேன்.

"எடுக்கவில்லையா தம்பி? சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறாயே" என்றார்.

"எடுத்தாயிற்று அக்கா."

அவர் நம்பவில்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முகத்தை இறுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தார். மரியாதைக்கு இன்னொன்றும் எடுத்தேன். அதில் ஃபோகஸ் சரியாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.